பட்டயக் கணக்காளர்களின் மேலாண்மைக் கல்விச் சேர்க்கை

பட்டயக் கணக்காளர்களின் மேலாண்மைக் கல்விச் சேர்க்கை என்பது, கணக்கியல், தணிக்கை, நிதி ஆகிய துறைகளில் தொழில்முறைத் தகுதி பெற்ற ஒருவர், அதன் பின்னர் போட்டி மிகுந்த மேலாண்மைக் கல்வி நிறுவனங்களின் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்துச் சேரும் நடைமுறையைக் குறிக்கும். இந்தியாவில் இது பெரும்பாலும் சி.ஏ. எனப்படும் பட்டயக் கணக்காளர் தேர்வில் வெற்றி பெற்றவர்கள் கேட் எனப்படும் பொதுச் சேர்க்கைத் தேர்வை எழுதி, இந்திய மேலாண்மைக் கழகங்களில் இடம் பெற முயல்வதைச் சுட்டுகிறது. தொழில்முறைத் தகுதி விண்ணப்பிக்கும் உரிமையைத் தருகிறது. ஆயினும் அது சேர்க்கைத் தேர்வு மதிப்பெண்ணுக்கோ, பள்ளி மதிப்பெண்ணுக்கோ, பணி அனுபவத்துக்கோ ஈடாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறியாத மாணவர்கள் ஓர் ஆண்டையோ அதற்கு மேலுமோ இழக்க நேரிடுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு இவ்விழப்பு கூடுதல் சுமையாகும்.

பின்னணி

இந்தியாவில் கணக்காளர் தொழிலுக்கான முறையான தகுதி ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் உருவானது. 1913 ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம் நிறுவனங்களின் தணிக்கையாளருக்கு உரிய தகுதியை வரையறுத்தது. 1918 ஆம் ஆண்டில் பம்பாயில் அரசுக் கணக்கியல் பட்டயம் தொடங்கப்பட்டது. 1932 ஆம் ஆண்டின் தணிக்கையாளர் சான்றிதழ் விதிகளின் கீழ்ப் பதிவு பெற்ற கணக்காளர் என்னும் முறை வந்தது. சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் 1933 ஆம் ஆண்டில் கணக்கியல் பட்டயத் தேர்வில் வென்று இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். விடுதலைக்குப் பின்னர் 1949 ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின்படி, அவ்வாண்டு சூலை 1 அன்று இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. இந்நிறுவனமே இன்றும் பாடத்திட்டம், தேர்வு, பயிற்சி, உறுப்பினர் பதிவு ஆகியவற்றை நடத்துகிறது.

மேலாண்மைக் கல்வியின் வரலாறு இதற்குப் பிந்தியது. 1961 ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் அகமதாபாதிலும் முதல் இரண்டு இந்திய மேலாண்மைக் கழகங்கள் நிறுவப்பட்டன. பெங்களூர்க் கழகம் 1973 ஆம் ஆண்டிலும், இலக்னோ கழகம் 1984 ஆம் ஆண்டிலும், கோழிக்கோடு, இந்தூர்க் கழகங்கள் 1996 ஆம் ஆண்டிலும் தொடங்கின. தமிழ்நாட்டின் ஒரே இந்திய மேலாண்மைக் கழகம் 2011 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இன்று இக்கழகங்களின் எண்ணிக்கை இருபதைத் தாண்டியுள்ளது. நீண்ட காலம் இவை பட்டயம் மட்டுமே வழங்கி வந்தன. 2017 ஆம் ஆண்டின் இந்திய மேலாண்மைக் கழகங்கள் சட்டம் 2018 சனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்த பின்னரே, முதுநிலைப் பட்டம் வழங்கும் அதிகாரம் இவற்றுக்குக் கிடைத்தது.

இவ்விரு கல்விமுறைகளும் தம்முள் வேறுபட்டவை. பட்டயக் கணக்காளர் தேர்வில் இடங்களுக்கு வரம்பு இல்லை. குறிப்பிட்ட மதிப்பெண்ணை எட்டியவர் அனைவரும் தேர்ச்சி பெறுவர். தவறியவர் மீண்டும் எழுதலாம். மேலாண்மைக் கழகங்களில் இடங்கள் வரம்புக்கு உட்பட்டவை என்பதால், ஒருவரின் மதிப்பெண் பிறருடைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டே எடை போடப்படுகிறது. முதலாவது தகுதித் தேர்வு, இரண்டாவது போட்டித் தேர்வு எனலாம்.

விண்ணப்பிக்கும் தகுதி

கேட் தேர்வுக்கு விண்ணப்பிப்பவர் இளநிலைப் பட்டத்தில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி, மாற்றுத்திறனாளி பிரிவினருக்கு இது 45 விழுக்காடு ஆகும். இறுதியாண்டில் பயில்பவரும் விண்ணப்பிக்கலாம். அண்மைய ஆண்டுகளின் அறிவிப்புகளில், பட்டயக் கணக்காளர், நிறுமச் செயலர், செலவுக் கணக்காளர், காப்பீட்டுக் கணிப்பாளர் ஆகிய தொழில்முறைத் தகுதிகளில் ஒன்றை உரிய மதிப்பெண்ணுடன் பெற்றவரும் தகுதி உடையவர் என்று கூறப்பட்டுள்ளது. அதாவது இளநிலைப் பட்டம் இல்லாத பட்டயக் கணக்காளரும் கேட் எழுத இயலும்.

இங்கு மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை.

முதலாவது, நிதித்துறையின் எல்லாத் தகுதிகளும் இப்பட்டியலில் இல்லை. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்டு 1963 ஆம் ஆண்டு முதல் தேர்வு நடத்தும் சி.எஃப்.ஏ. தகுதி முதலீட்டுத் துறையில் பெரிதும் மதிக்கப்படுவது. ஆயினும் கேட் தேர்வுக்கு அது பட்டத்துக்கு ஈடாக ஏற்கப்படுவதில்லை. அதனைப் பெற்றவருக்கும் இளநிலைப் பட்டம் வேண்டும்.

இரண்டாவது, கேட் எழுதும் தகுதியும் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தில் சேரும் தகுதியும் ஒன்றல்ல. கேட் மதிப்பெண்ணைப் பயன்படுத்தும் பிற கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் இளநிலைப் பட்டத்தைக் கட்டாயமாக்கலாம். வெளிநாட்டுப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். எனவே கணக்காளர் தேர்வுக்குப் படிக்கும்போதே தொலைநிலைக் கல்வி வழியாகவோ மாலைநேரக் கல்லூரியிலோ வணிகவியல் பட்டமும் பெறுவது பரவலான வழக்கமாக உள்ளது.

மூன்றாவது, 2021 ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு இத்தகைய தொழில்முறைத் தகுதிகளை முதுநிலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றது, விரிவுரையாளருக்கான தேசியத் தகுதித் தேர்வை முன்னிட்டே ஆகும். மேலாண்மைக் கழகச் சேர்க்கையின் மதிப்பீட்டில் அது தனிச் சலுகை எதையும் தருவதில்லை.

சேர்க்கைத் தேர்வு

கேட் தேர்வு ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் இறுதியில் நடைபெறுகிறது. 2009 ஆம் ஆண்டு முதல் இது கணினி வழியாக நடத்தப்படுகிறது. மொழித்திறனும் படித்துணர்தலும், தரவு விளக்கமும் தருக்கமும், கணிதத் திறன் என மூன்று பகுதிகள் உள்ளன. தற்போதைய முறையில் ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடமாக மொத்தம் இரண்டு மணி நேரம் தரப்படுகிறது. ஒரு பகுதியின் நேரத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்த முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண் உண்டு. தெரிவு வினாவில் தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைக்கப்படும்.

முடிவு நூற்றுமானமாக, அதாவது பர்சன்டைலாக, வெளியிடப்படுகிறது. 99 நூற்றுமானம் என்பது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண் பெற்றதைக் குறிக்காது. தேர்வெழுதியோரில் 99 விழுக்காட்டினரைவிட முன்னே இருப்பதையே குறிக்கும். மூன்று இலட்சம் பேர் எழுதினால், 99 நூற்றுமானம் பெற்றவருக்கு மேலும் ஏறத்தாழ 3,000 பேர் இருப்பர். இம்மதிப்பெண் அவ்வாண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும்.

பட்டயக் கணக்காளர் ஒருவருக்கு இத்தேர்வில் உள்ள இடர் தனித்தன்மை வாய்ந்தது. கணக்காளர் தேர்வு சட்டத்தையும் கணக்கியல் தரநிலைகளையும் ஆழமாகப் படித்து, மூன்று மணி நேரம் விரிவாக எழுதும் தேர்வாகும். கேட் தேர்வோ பள்ளிக் கணிதத்தின் எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல் ஆகியவற்றை விரைவாகக் கையாளும் திறனைச் சோதிக்கிறது. வரவு செலவுக் கணக்கில் தேர்ந்த ஒருவர் முக்கோணங்களையும் வட்டங்களையும் பத்தாம் வகுப்புக்குப் பின்னர்த் தொடாமலே இருந்திருக்கக் கூடும். கேட் ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுவதால், தமிழ் வழியில் பள்ளிக் கல்வி பெற்றவருக்குப் படித்துணர்தல் பகுதி பெருந்தடையாக அமையலாம். சட்ட ஆங்கிலத்தில் பழகியவருக்கும் மெய்யியல், வரலாறு, அறிவியல் சார்ந்த கட்டுரைகளை விரைந்து படிப்பது புதிய பயிற்சியே ஆகும்.

சாம்சேத்பூரில் 1949 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சேவியர் மேலாண்மைப் பள்ளியின் சார்பில் சாட் என்னும் தனித் தேர்வு சனவரியில் நடத்தப்படுகிறது. வேறு பல கல்லூரிகளும் அம்மதிப்பெண்ணை ஏற்கின்றன.

முந்தைய மதிப்பெண்களும் அனுபவமும்

கேட் மதிப்பெண் மட்டும் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பைத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு கழகமும் தன் சேர்க்கைக் கொள்கையைத் தனியே வெளியிடுகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலைப் பட்டம் ஆகியவற்றின் மதிப்பெண்களுக்குப் பல கழகங்கள் புள்ளிகள் தருகின்றன. பள்ளியில் குறைந்த மதிப்பெண் பெற்ற ஒருவர் பின்னர்ப் பட்டயக் கணக்காளர் ஆனாலும், அப்பழைய மதிப்பெண் மாறுவதில்லை. சில கழகங்கள் இளநிலை மதிப்பெண்ணுக்கு மாற்றாகவோ அதனுடன் சேர்த்தோ தொழில்முறைத் தேர்வை மதிப்பிடுகின்றன. சில கழகங்கள் அவ்வாறு செய்வதில்லை.

கணக்காளர் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், தொகுதியின் மொத்தத்தில் 50 விழுக்காடும் பெற்றால் தேர்ச்சி கிடைக்கும். அத்தேர்வில் 60 விழுக்காடு என்பது நல்ல மதிப்பெண்ணாகக் கருதப்படுகிறது. பல்கலைக்கழகத் தேர்வுகளில் 80, 90 விழுக்காடு பெறுவோருடன் இதனை எண்ணளவில் மட்டும் ஒப்பிட்டால், கணக்காளரின் மதிப்பெண் தாழ்ந்து தோன்றும். ஒரே முயற்சியில் தேறியது, அகில இந்தியத் தரவரிசை பெற்றது ஆகியவற்றை விண்ணப்பத்திலும் நேர்முகத்திலும் குறிப்பிடுவது இதனால் பயன் தரும்.

பணி அனுபவம் குறித்த விதியே மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. பட்டயக் கணக்காளர் மாணவர் தணிக்கை அலுவலகத்தில் ஆர்ட்டிக்கிள்ஷிப் எனப்படும் செயல்முறைப் பயிற்சி பெற வேண்டும். முன்பு மூன்று ஆண்டுகளாக இருந்த இப்பயிற்சி, 2023 ஆம் ஆண்டின் புதிய திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. நாள் முழுதும் அலுவலகத்தில் உழைத்திருப்பினும், இது படிப்பின் ஒரு பகுதி என்பதால் மேலாண்மைக் கழகங்கள் பொதுவாக இதனைப் பணி அனுபவமாகக் கணக்கிடுவதில்லை. தகுதி பெற்ற பின்னர் முழுநேர ஊதியப் பணியில் கழித்த மாதங்களே எண்ணப்படுகின்றன. பயிற்சிக் காலத்தை அனுபவமாகக் காட்டி விண்ணப்பித்தவர், சான்றிதழ்ச் சரிபார்ப்பின்போது அப்புள்ளிகளை இழக்க நேரிடலாம்.

மறுபுறம், இக்கழகங்களின் வகுப்புகளில் பொறியியல் பட்டதாரிகளே நெடுங்காலமாக மிகுந்து இருந்து வந்துள்ளனர். வகுப்பில் பல துறையினரும் இடம்பெற வேண்டும் என்பதற்காகப் பொறியியல் அல்லாத துறையினருக்குச் சில கழகங்கள் கூடுதல் புள்ளிகளோ தனிப் பிரிவோ தருகின்றன. பெண்களுக்கும் இவ்வாறே பல கழகங்கள் புள்ளிகள் வழங்குகின்றன. வணிகவியல் பின்னணி கொண்ட பட்டயக் கணக்காளருக்கு இது ஓரளவு நன்மை செய்கிறது.

நேர்முகத் தேர்வு

முன்னாளில் குழு உரையாடலும் நேர்முகமும் வழக்கில் இருந்தன. ஏறத்தாழ 2012 ஆம் ஆண்டு முதல் பல கழகங்கள் குழு உரையாடலைக் கைவிட்டு, குறுகிய நேரத்தில் எழுதும் எழுத்துத்திறன் தேர்வைக் கொண்டுவந்தன. நேர்முகத்தில்தான் தொழில்முறைத் தகுதி முழு அளவில் வெளிப்படுகிறது. அதன் ஆழம் சோதிக்கப்படுவதும் அங்கேயே ஆகும்.

பட்டயக் கணக்காளரிடம் தவறாமல் கேட்கப்படும் வினா, ஏற்கெனவே தொழில் கையில் இருக்க மேலாண்மைப் படிப்பு எதற்கு என்பதாகும். கூடுதல் ஊதியம் என்னும் விடை போதுமானதாகக் கொள்ளப்படுவதில்லை. தணிக்கையாளர் நடந்து முடிந்த வணிகத்தின் கணக்கைச் சரிபார்க்கிறார். மேலாளர் இனி நடக்க வேண்டியதை முடிவு செய்கிறார். முதலாவதிலிருந்து இரண்டாவதற்குச் செல்ல விரும்புவதன் காரணத்தைத் தாம் கண்ட ஒரு நிகழ்வின் வழியாக விளக்க முடிந்தவரின் விடை வலுவுடையதாக அமைகிறது.

துறைசார் வினாக்களும் உண்டு. 2009 ஆம் ஆண்டில் வெளிப்பட்ட சத்தியம் கணினி நிறுவனத்தின் கணக்கு மோசடி, 2013 ஆம் ஆண்டின் நிறுமச் சட்டத்தில் தணிக்கையாளர் சுழற்சி, 2016 ஏப்ரல் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரநிலைகள், 2017 சூலை 1 அன்று தொடங்கிய சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். பொறியியல் பட்டதாரியிடம் மேலோட்டமாகக் கேட்கப்படும் நிதி வினா, கணக்காளரிடம் அடிவரை கேட்கப்படும்.

காலவரிசை

கேட் அறிவிப்பு வழக்கமாகச் சூலை இறுதியில் வெளியாகிறது. பதிவு ஆகத்து, செப்டம்பர் மாதங்களில் நடைபெறுகிறது. தேர்வு நவம்பர் இறுதியிலும், முடிவு திசம்பர் அல்லது சனவரியிலும் அமைகின்றன. சனவரி முதல் ஏப்ரல் வரை எழுத்துத் தேர்வும் நேர்முகமும் நடந்து, வகுப்புகள் பெரும்பாலும் சூன் மாதத்தில் தொடங்குகின்றன.

பட்டயக் கணக்காளர் இறுதித் தேர்வு நீண்ட காலமாக மே, நவம்பர் மாதங்களில் நடந்து வந்ததால், நவம்பரில் எழுதுவோருக்கு இரு தேர்வுகளும் அடுத்தடுத்து வந்தன. 2025 ஆம் ஆண்டு முதல் இறுதித் தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை, சனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் நடத்தப்படுகிறது. இப்போது செப்டம்பரில் எழுதியவருக்குக் கேட் தேர்வுக்கு முன் இரண்டு மாத இடைவெளி கிடைக்கிறது. சனவரியில் எழுதுபவருக்கு இறுதித் தேர்வும் நேர்முகக் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மே மாதத்தில் தேறிவிட்டு அவ்வாண்டே கேட் எழுதுவோருக்குப் போதிய பயிற்சிக் காலம் உண்டு. இரண்டையும் ஒரே ஆண்டில் முயன்று இரண்டிலும் தவறுவதைவிட, தகுதியை முடித்து ஓரிரு ஆண்டு பணியாற்றிய பின் விண்ணப்பிப்பது அனுபவப் புள்ளிகளையும் பெற்றுத் தருகிறது.

நெசவு ஊர்களிலிருந்து விண்ணப்பித்தல்

ஐயம்பேட்டை, காஞ்சிபுரத்தை அடுத்துள்ள வாலாசாபாத் பகுதியைச் சேர்ந்த பட்டு நெசவு ஊராகும். இத்தகைய ஊர்களில் குடும்பத்தின் வருவாய் மாத ஊதியமாக வருவதில்லை. நெய்து முடித்த சேலைக்கு உரிய கூலியாகக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ தனி முதலாளியிடமிருந்தோ வருகிறது. பட்டயக் கணக்காளர் படிப்பின் செலவு முழுநேரத் தொழிற்கல்லூரிகளின் கட்டணத்துடன் ஒப்பிடும்போது மிகக் குறைவு. பயிற்சிக் காலத்தில் சிறிதளவு உதவித்தொகையும் கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் அடித்தளத் தேர்வு எழுதியோ, வணிகவியல் பட்டத்துக்குப் பின் நேரடியாக இடைநிலைக்குப் பதிவு செய்தோ இதில் நுழையலாம். நேரடிப் பதிவுக்கு வணிகவியலில் 55 விழுக்காடும், பிற பாடங்களில் 60 விழுக்காடும் தேவை. வீட்டிலிருந்தபடியே காஞ்சிபுரத்தில் பயிற்சி பெற முடிவது மற்றொரு நன்மையாகும்.

இவ்வூர்களின் மாணவர் சேர்க்கையில் எதிர்கொள்ளும் இடர்கள் பெரும்பாலும் அறிவு சார்ந்தவை அல்ல, ஆவணம் சார்ந்தவை. தமிழ்நாட்டின் இட ஒதுக்கீடு 69 விழுக்காடு ஆகும். அதில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் எனத் தனிப் பிரிவுகள் உள்ளன. மேலாண்மைக் கழகங்கள் மைய அரசின் விதிகளைப் பின்பற்றுகின்றன. அதன்படி இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பட்டியல் சாதியினருக்கு 15, பட்டியல் பழங்குடியினருக்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. மாநில அரசின் சாதிச் சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது. மைய அரசின் பட்டியலில் சாதி இடம்பெற்றிருக்க வேண்டும். மேல்தட்டுப் பிரிவைச் சேராதவர் என்னும் சான்றிதழையும் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து மைய அரசின் படிவத்தில், அறிவிப்பில் கூறப்படும் காலத்துக்கு உட்பட்டதாகப் பெற வேண்டும். இதற்கான ஆண்டு வருமான வரம்பு 2017 ஆம் ஆண்டு முதல் 8 இலட்சம் ரூபாயாக உள்ளது. பழைய சான்றிதழைக் கொண்டோ, மாநிலப் படிவத்தைக் கொண்டோ பதிவு செய்தவர் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் இடம் பெறும் வாய்ப்பை இழக்கலாம். பதிவு முடிந்த பின்னர்ப் பிரிவை மாற்ற இயலாது என்பதும் கருதத்தக்கது.

சிறு அலுவலகத்தில் பெற்ற பயிற்சி நேர்முகத்தில் குறையாக அமைய வேண்டியதில்லை. பெருநகரத்தின் பெரிய தணிக்கை நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர் ஒரு பெரிய நிறுவனத்தின் ஒரு பகுதியை மட்டுமே பார்த்திருக்கலாம். காஞ்சிபுரத்தில் பட்டு வணிகரின் கணக்கை எழுதியவர் முழு வணிகச் சுழற்சியையும் பார்க்கிறார். கச்சாப் பட்டும் சரிகையும் முன்பணம் கொடுத்து வாங்கப்படுகின்றன. சாயம் ஏற்றிப் பாவு ஓட்டித் தறியில் நெய்து முடிக்க வாரங்கள் ஆகின்றன. சேலை திருமணக் காலங்களிலேயே மிகுதியாக விற்கிறது. கடைக்காரர் பணத்தைத் தவணையில் தருகிறார். இடைப்பட்ட காலத்தில் நெசவாளருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். நடைமுறை மூலதனம் என்று மேலாண்மை நூல்கள் கூறுவது இதுவே. தங்கம், வெள்ளி விலை ஏறும்போது சரிகையின் விலையும் ஏறுவதால் இருப்பின் மதிப்பு எவ்வாறு மாறும், 2005-06 காலப்பகுதியில் காஞ்சிபுரம் பட்டு பெற்ற புவிசார் குறியீடு விசைத்தறிப் போலிகளிடமிருந்து எந்த அளவுக்குக் காக்கும் என்பன போன்ற வினாக்களுக்கு இத்தகைய விண்ணப்பதாரர் நூலறிவைத் தாண்டி விடையளிக்க முடியும்.

செலவும் கடனும்

பழைய மேலாண்மைக் கழகங்களின் இரண்டாண்டுப் படிப்புக்கு இன்று 20 இலட்சம் ரூபாய்க்கும் மேல் செலவாகிறது. புதிய கழகங்களில் இது சற்றுக் குறைவு. தில்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மை ஆய்வுப் புலம் மிகக் குறைந்த கட்டணத்தால் அறியப்பட்டது.

20 இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் கடனாகப் பெற்று 10 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாகக் கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 26,430 ரூபாய் ஆகும். மொத்தம் செலுத்தும் தொகை ஏறத்தாழ 31.7 இலட்சம். படிக்கும் காலத்து வட்டி இதில் சேராது. பட்டயக் கணக்காளரைப் பொறுத்தவரை இன்னொரு செலவும் உண்டு. அவர் ஏற்கெனவே ஊதியம் ஈட்டத் தகுதி பெற்றவர் என்பதால், இரண்டு ஆண்டுகளில் கைவிடும் ஊதியத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வேறு தகுதி எதுவும் இல்லாத பட்டதாரிக்கு இப்படிப்பு தரும் ஊதிய உயர்வும், பட்டயக் கணக்காளருக்குத் தரும் உயர்வும் ஒரே அளவின அல்ல.

2024 நவம்பரில் மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்வோர் பிணையமும் பிணையாளரும் இன்றிக் கல்விக் கடன் பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், வேறு அரசு உதவித்தொகை பெறாதவருக்கு 10 இலட்சம் ரூபாய் வரையான கடனுக்கு, படிப்புக் காலத்திலும் அதனை அடுத்த தவணை விடுப்புக் காலத்திலும் 3 விழுக்காடு வட்டி மானியம் வழங்கவும் வழி செய்யப்பட்டுள்ளது. ஊதியச் சீட்டோ வருமான வரிப் படிவமோ இல்லாத நெசவாளர் குடும்பத்துக்கு வட்டாட்சியரின் வருமானச் சான்றிதழே அடிப்படை ஆவணமாகும்.

பிற வழிகள்

பணி அனுபவம் உடையோருக்கு ஓராண்டுப் படிப்புகள் உள்ளன. ஐதராபாத்தில் 2001 ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திய வணிகப் பள்ளி இவற்றுள் பெயர் பெற்றது. இங்குக் கேட் தேர்வுக்கு மாற்றாக ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. மதிப்பெண் ஏற்கப்படுகிறது. 2023 நவம்பரில் மாற்றி அமைக்கப்பட்ட ஜிமேட் தேர்வு 2 மணி 15 நிமிடம் நடைபெறுகிறது. மதிப்பெண் 205 முதல் 805 வரை வழங்கப்படும். அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பது கேட் தேர்விலிருந்து உள்ள முக்கிய வேறுபாடாகும். இதனால் பயிற்சிக் காலம் முடிந்தவுடன் தேர்வை எழுதிவிட்டு, சில ஆண்டு பணிக்குப் பின் விண்ணப்பிக்க முடிகிறது. வெளிநாட்டுப் பள்ளிகள் கட்டுரைகளையும் மேலதிகாரிகளின் பரிந்துரைக் கடிதங்களையும் கேட்கின்றன. இந்தியாவின் மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்பது பள்ளிக்குப் பள்ளி மாறுபடும்.

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வின் வழியாக அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்த கட்டணத்தில் மேலாண்மைப் படிப்பு பயிலலாம். சென்னையில் 1979 ஆம் ஆண்டில் தொடங்கிய லயோலா வணிக மேலாண்மை நிறுவனம், இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மேலாண்மைத் துறை ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை. பாலா பாலச்சந்திரன் 2004 ஆம் ஆண்டில் நிறுவிய கிரேட் லேக்சு நிறுவனம் மாமல்லபுரத்தை அடுத்த மணமையில் உள்ளது. அப்பகுதி 2019 ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்படும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது.

எடுத்துக்காட்டுகள்

பட்டயக் கணக்காளர் தகுதிக்குப் பின் மேலாண்மைக் கல்வி பெற்றவர்களில் நைனா லால் கித்வாய் முன்னோடியாவார். தில்லியில் பொருளியல் பயின்று, பட்டயக் கணக்காளராகித் தணிக்கை நிறுவனத்தில் பணியாற்றிய பின்னர், 1982 ஆம் ஆண்டில் ஆர்வர்டு வணிகப் பள்ளியில் பட்டம் பெற்றார். அப்பள்ளியில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் இவரே. தொழிலதிபர் குமார் மங்களம் பிர்லாவும் பட்டயக் கணக்காளராகிப் பின் இலண்டன் வணிகப் பள்ளியில் பயின்றவர். இருவரும் வசதியான குடும்பப் பின்னணி உடையவர்கள் என்பதால், சிறு நகர மாணவரின் செலவுக் கணக்குக்கு இவர்களின் பாதை முழுதும் பொருந்தாது.

கணக்காளர் தகுதியைக் கொண்டே உயர்ந்தவர்களும் உள்ளனர். எச்.டி.எஃப்.சி. வங்கியை 1994 முதல் 2020 வரை வழிநடத்திய ஆதித்ய பூரி பட்டயக் கணக்காளர் ஆவார். 2006-07 ஆம் ஆண்டில் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தலைவராக இருந்த தமிழ்நாட்டின் டி. என். மனோகரன், 2009 ஆம் ஆண்டில் சத்தியம் நிறுவனத்தை மீட்க அரசு அமர்த்திய இயக்குநர் குழுவில் இடம்பெற்றார்.

தேர்வும் தொழிலும்

நிறுமக் கணக்கைத் தணிக்கை செய்து கையொப்பமிடும் உரிமை, தொழில் நடத்தும் சான்று பெற்ற பட்டயக் கணக்காளருக்கு மட்டுமே உரியது. எந்த மேலாண்மைப் பட்டமும் அதனைத் தருவதில்லை. எனவே சொந்த ஊரிலோ அருகிலுள்ள நகரிலோ தணிக்கை அலுவலகம் அமைக்க விரும்புபவருக்கு மேலாண்மைக் கழகப் படிப்பு இன்றியமையாதது அன்று. முதலீட்டு வங்கி, மேலாண்மை ஆலோசனை, நிறுவனங்களின் பொது மேலாண்மை போன்ற துறைகளுக்கு மாற விரும்புபவருக்கே அதன் பயன் மிகுதி. அவ்வாறு மாறியவரும் உறுப்பினர் கட்டணத்தைச் செலுத்தி வந்தால் பட்டயக் கணக்காளராகவே தொடர்வார். மேலாண்மைக் கழகத்தில் இடம் கிடைக்காமல் போனாலும் பெற்ற தகுதி குறைவதில்லை. இந்த உறுதியே, பிற விண்ணப்பதாரர்களுக்கு இல்லாததும் பட்டயக் கணக்காளருக்கு உள்ளதுமான வலிமை ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம்
இந்திய மேலாண்மைக் கழகங்கள்
இந்திய மேலாண்மைக் கழகம், திருச்சிராப்பள்ளி
ஆர். சிவபோகம்
காஞ்சிபுரம் பட்டு
ஐயம்பேட்டை